சுவர் நேராக நிற்கிறது, அதுதான் பிரச்சினை

இலை உதிர ஆரம்பித்ததும், மண் உறைகிற குளிர் வருவதற்குள், ஏதாவது ஒரு சனிக்கிழமை காலை எனக்கு வீட்டுக்குப் பின்னால்தான் கழியும். கையில் தூக்குக்குண்டு, அளவுகோல், பென்சில், டார்ச், முனை வளைத்த கம்பி ஒன்று. "சுவருக்கு நாடி பிடிக்கக் கிளம்பியாச்சா?" என்று மனைவி கேட்பாள். கேலிதான். ஆனால் அந்தச் சுவர் வைத்த செலவை அவளும் மறக்கவில்லை. டார்ச்சுக்கு புது பேட்டரி போட்டு வைப்பது அவள்தான்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் நிலம் மேடு. மேட்டை வெட்டித்தான் வீடு கட்டியிருக்கிறார்கள். வெட்டிய இடத்தில் மண் சரியாமல் பிடித்துக்கொள்ள ஒரு கருங்கல் சுவர். ஒன்றரை மீட்டர் உயரம், 12 மீட்டர் நீளம். தாங்குசுவர், தடுப்புச் சுவர், ரீட்டெய்னிங் வால், எப்படி வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம். சாதாரண மதில் சுவர் தன் எடையை மட்டும் சுமந்தால் போதும். இது பின்னாலிருந்து தள்ளுகிற மண்ணை ராத்திரி பகல் பார்க்காமல் தாங்க வேண்டும். வீட்டை வாங்கியபோது இதெல்லாம் எனக்குத் தெரியாது. சுவர் இருந்தது, அவ்வளவுதான்.

அதன் அடியில் ஆறு ஓட்டைகள் இருந்தன. நல்ல மழை பெய்தால் ஒவ்வொன்றிலிருந்தும் பழுப்பாகத் தண்ணீர் வடிந்து, கல்லில் கோடு கோடாகக் கறை படியும். பார்க்கவே அசிங்கமாக இருந்தது. குளவி வேறு ஒன்றில் கூடு கட்டியது. நான் என்ன செய்தேன்? அரைச்சட்டி சிமெண்ட் கலவை குழைத்து ஆறையும் அடைத்தேன். கறையைத் தேய்த்துக் கழுவினேன். சுவர் புதிது போல ஆனது. வீட்டுக்கு வந்தவர்களிடம் காட்டிப் பெருமைப்பட்டதும் உண்டு.

இரண்டு குளிர்காலம் போனது. அக்கா கணவர் சிவில் என்ஜினியர். ஒரு நாள் வீடியோவில் பேசும்போது பின்பக்கத்தைக் காட்டினேன். "சுவரைப் பாருங்க அத்தான், எத்தனை வருஷமானாலும் நூல் பிடிச்ச மாதிரி நேரா நிக்குது" என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "மாப்பிள்ளை, அந்தச் சுவர் நேராவா நிக்குது?" என்று மறுபடி கேட்டார். ஆமாம் என்றேன். "ஓரத்துல போய் நின்னு பாரு. அங்கேயும் நேரா நிக்குதான்னு சொல்லு."

ஓரத்தில் அது நேராக இல்லை. மேட்டுப் பக்கமாகச் சாய்ந்திருந்தது.

அப்புறம்தான் அளக்கச் சொல்லிக்கொடுத்தார். ஒரு குச்சியைச் சுவரின் தலையில் வைத்து, 20 செ.மீ. முன்னால் நீட்டி, அதன் நுனியிலிருந்து தூக்குக்குண்டை இறக்க வேண்டும். மேலே கயிற்றுக்கும் சுவருக்கும் இடைவெளி 20. கீழே எவ்வளவு என்று பார்க்க வேண்டும். இரண்டு ஓரங்களிலும் கீழே 14 வந்தது. அதாவது சுவரைக் கட்டும்போதே 6 செ.மீ. மண் பக்கம் சாய்த்துக் கட்டியிருக்கிறார்கள். மண் தள்ளும் என்று தெரிந்த கொத்தனார் அப்படித்தான் கட்டுவார். நடுவில் அளந்தேன். 19. நான் நேர்த்தி என்று நினைத்தது 5 செ.மீ. நகர்வு. ஓரங்களை மூலைத் திருப்பங்கள் பிடித்துக்கொண்டன, நடுப்பகுதி மட்டும் மெல்ல மெல்ல எங்கள் வீட்டை நோக்கி வந்துகொண்டிருந்தது.

ஓட்டையை அடைத்ததைச் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார். அது அதைவிட மோசமாக இருந்தது.

ஒன்றரை மீட்டர் உயரத்துக்கு ஈரமில்லாத சாதாரண மண் சுவரைத் தள்ளுவது, ஒரு மீட்டர் நீளத்துக்குச் சுமார் முக்கால் டன். அதே உயரத்துக்குப் பின்னால் தண்ணீர் தேங்கி நின்றால், தண்ணீர் மட்டுமே ஒரு டன்னுக்கு மேல் தள்ளும். தண்ணீரில் மூழ்கிய மண்ணின் தள்ளல் கொஞ்சம் குறைந்தாலும், இரண்டும் சேர்ந்து பழைய பாரத்தைப் போல இரண்டு மடங்கு ஆகிவிடும். இதில் எனக்கு நம்பவே முடியாத விஷயம், தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்பது பொருட்டே இல்லை. எவ்வளவு உயரம் நிற்கிறது என்பதுதான் கணக்கு. சுவருக்கும் மண்ணுக்கும் நடுவே விரல் அகல இடைவெளியில் தண்ணீர் நின்றாலும், குளமே நின்றாலும், அழுத்தம் ஒன்றுதான். அந்த ஆறு ஓட்டைகளின் வேலை தண்ணீரை உயர விடாமல் வடித்துவிடுவது. கறை என்று நான் நினைத்தது அது வேலை செய்ததற்கான அடையாளம்.

உயரமும் ஏமாற்றும். உயரம் இரண்டு மடங்கானால் தள்ளும் விசை நான்கு மடங்கு. அது சுவரைக் குப்புறக் கவிழ்க்கப் பார்க்கும் திருப்புவிசை எட்டு மடங்கு. முழங்கால் உயரச் சுவரில் நாம் பார்த்துப் பழகிய விரிசலும் தலை உயரச் சுவரில் வரும் விரிசலும் ஒன்றல்ல.

சரி, இது மழைக்காலக் கதை. குளிர் எங்கே வந்தது?

தண்ணீர் உறைந்தால் சுமார் 9 சதவீதம் பருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். கல் இடுக்கில் நின்ற நீர் உறைந்து இணைப்புக் கலவையைப் பெயர்ப்பது அதனால்தான். ஆனால் சுவரையே நகர்த்துவது பெரும்பாலும் அது இல்லை என்றார் அத்தான். ஸ்டீஃபன் டேபர் என்ற அமெரிக்க நிலவியலாளர் 1929, 1930 ஆண்டுகளில் வெளியிட்ட சோதனைகளைப் பற்றிச் சொன்னார். மண்ணில் தண்ணீருக்குப் பதில் பென்சீனை ஊற்றி உறைய வைத்திருக்கிறார் டேபர். பென்சீன் உறைந்தால் சுருங்கும், பருக்காது. அப்படியும் மண் உப்பியது. ஆக, உறைகிற இடம் பக்கத்து மண்ணிலிருந்து ஈரத்தை உறிஞ்சி இழுத்துக்கொண்டே இருக்கிறது, அது தட்டுத்தட்டாகப் பனிக்கட்டியாக வளர்கிறது, அந்தத் தட்டுகள்தான் மண்ணைத் தள்ளுகின்றன. உறைந்த நீர் பருப்பதோடு கதை முடிந்துவிட்டால் சுவர்கள் இவ்வளவு பாடு படாது.

இந்தத் தட்டுகள் குளிர் எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பரப்புக்கு இணையாக உருவாகும். சமதரையில் குளிர் மேலிருந்து வரும், அதனால் மண் மேல் நோக்கி உப்பும். தாங்குசுவருக்குப் பின்னால் இருக்கும் மண்ணுக்குக் குளிர் மேலிருந்தும் வருகிறது, சுவரின் முகம் வழியாகவும் வருகிறது. சுவர் வழியாக நுழையும் குளிரால் தட்டு நெட்டுக்குத்தலாக, சுவரை ஒட்டினாற்போல வளரும். அது தள்ளும் திசை எங்கள் முற்றம். பனி உருகும்போது சுவர் பழைய இடத்துக்குத் திரும்புமா என்று கேட்டேன். திரும்பாது. பின்னால் உண்டான இடைவெளியில் மேல் மண் சரிந்து விழுந்து அடைத்துக்கொள்ளும். அடுத்த குளிரில் மறுபடி ஒரு தள்ளு. ஒவ்வொரு வருஷமும் ஒரு பல் ஏறும் சக்கரம் மாதிரி, முன்னால் மட்டும்தான் போகும்.

இதில் எல்லா மண்ணும் ஒன்றல்ல. வண்டல் மாதிரி மாவாக இருக்கும் மண்தான் மிக மோசம். ஈரத்தை இழுக்கவும் தெரியும், வேகமாகக் கடத்தவும் தெரியும். களிமண் இழுக்கும், ஆனால் மெதுவாக. சுத்தமான ஜல்லியில் இந்த வித்தை நடக்காது. அதனால்தான் ஒழுங்காகக் கட்டிய சுவருக்குப் பின்னால் ஜல்லி நிரப்பியிருப்பார்கள். எங்கள் சுவருக்குப் பின்னால் என்ன இருந்தது என்று பிறகு தோண்டியபோது பார்த்தேன். வெட்டி எடுத்த மண்ணையே திருப்பிக் கொட்டியிருந்தார்கள். உடைந்த ஓடு, ஒரு பழைய செருப்பு, ஒரு வாளிக் கைப்பிடியும் கிடைத்தன.

இப்போது நான் எப்படிப் பார்க்கிறேன் என்று சொல்கிறேன். முதலில் சுவரைப் பார்ப்பதில்லை. மேலே ஏறிப் புல்லைப் பார்க்கிறேன். அந்த வருஷம் எங்கள் மேட்டில் சுவருக்கு இணையாக ஒரு வெடிப்பு ஓடியிருந்தது, சுவரிலிருந்து ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான தூரத்தில். வெயிலில் மண் வெடித்திருக்கிறது என்று நினைத்து, மண்வெட்டியால் மூடிவிட்டேன். அது வெயில் வெடிப்பு இல்லை. சுவர் முன்னால் போனால் பின்னால் ஆப்பு வடிவத்தில் ஒரு மண் துண்டு அதோடு சரியும், அந்த ஆப்பின் மேல்விளிம்புதான் வெடிப்பாகத் தெரியும். பள்ளியில் மின்னூட்ட விதிக்காகப் படித்தோமே, அந்த கூலூம் (Coulomb) என்ற பிரெஞ்சுக்காரர்தான், இந்த மண் ஆப்பை வைத்துத் தாங்குசுவருக்குக் கணக்கு எழுதியவர். 1776ல் அச்சான கட்டுரை. அவர் அதற்கு முன் ராணுவப் பொறியாளராகக் கோட்டை கட்டிக்கொண்டிருந்தவர் என்பது எனக்குப் புதுச் செய்தி. வெயில் வெடிப்பு வலை போலப் பல பக்கம் கிளைக்கும். ஆப்பு வெடிப்பு சுவரோடு கூடவே நடக்கும்.

மேலே இன்னும் சில. தண்ணீர் எங்கே நிற்கிறது? சுவரின் தலைக்குப் பின்னால் மண் அமுங்கிப் பள்ளமாகியிருந்தால் மழை அங்கேயே குளமாகி உள்ளே இறங்கும். கூரைத் தண்ணீர்க் குழாய் எங்கே கொட்டுகிறது? எங்கள் தோட்டக் கொட்டகையின் குழாய் நேராகச் சுவரின் முதுகில் கொட்டிக்கொண்டிருந்தது. இலை அடைத்தால் கூரை விளிம்பு முழுவதும் வழிந்தது. வேலிக் கம்பம் சாய்ந்திருக்கிறதா என்றும் பார்ப்பேன். கம்பம் பொய் சொல்லாது. அப்புறம் பாரம். குளிருக்கு விறகு வாங்கிச் சுவருக்கு மேலே ஓரமாக அழகாக அடுக்கி வைத்திருந்தேன். ஒரு டன்னுக்குக் குறையாது. சுவரின் உயரம் எவ்வளவோ அவ்வளவு தூரமாவது பின்னால் தள்ளி வை என்றார் அத்தான். விறகை இறக்கி நகர்த்த ஒரு நாள் முழுக்க ஆனது, இடுப்பு ஒரு வாரம் பேசியது.

பிறகுதான் கீழே இறங்குவேன். சாயங்காலம் சரிந்த வெளிச்சம் வரும்போது சுவரின் ஒரு கோடியில் கன்னத்தை ஒட்டி வைத்து நீளவாட்டில் பார்த்தால், நடுப்பகலில் கண்ணில் படாத வயிற்றுத் தள்ளல்கூட நடுவில் தெரியும். டார்ச்சை ஒட்டிப் பிடித்தாலும் ஆகும். பார்த்ததை நம்பாமல் அளந்து எழுதுவேன். ஐந்து இடம், ஒவ்வொரு வருஷமும் அதே ஐந்து இடம். கல்லில் பெயிண்ட் பொட்டு வைத்திருக்கிறேன். சுவர் இப்போது எப்படி இருக்கிறது என்பதைவிடப் போன வருஷம் எப்படி இருந்தது என்பதுதான் முக்கியம். அந்தக் கணக்கு இல்லாதவர்கள் இந்த வருஷமே முதல் வரியை எழுதிவிடலாம். போட்டோ எடுத்தால் பக்கத்தில் ஒரு அளவுகோலையும் வைத்து எடுங்கள்.

விரிசலைக் கண்டால் எனக்கு முன்பெல்லாம் எல்லாமே பயம், அல்லது எதுவுமே பயமில்லை. இப்போது கொஞ்சம் பிரிக்கத் தெரிகிறது. நெட்டுக்குத்தலாக முடி அளவு ஒரே சீராக ஓடுவது பெரும்பாலும் சிமெண்ட் காய்ந்து சுருங்கிய கீறல். இணைப்புகள் வழியாகப் படிக்கட்டு போல ஏறுவது, அடியில் ஒரு பக்கம் அமுங்குகிறது என்பதற்கு அடையாளம். மேலே அகலமாகவும் கீழே ஒடுங்கியும் இருந்தால் இரு பக்கமும் ஒன்றைவிட்டு ஒன்று சாய்கின்றன. எனக்குத் தூக்கம் கெடுவது படுக்கைவாட்டில், சுவரின் கீழ்ப்பாதியில் ஓடும் விரிசலுக்குத்தான். அங்கே சுவர் மடங்குகிறது. அதற்கு நான் கலவை பூச மாட்டேன், ஆளைக் கூப்பிடுவேன். கான்கிரீட் சுவராக இருந்து துருக் கறையும் வடிந்தால் உள்ளே கம்பி அரிக்கிறது. மரக்கட்டைச் சுவராக இருந்தால் தரையை ஒட்டிய கட்டையில் ஸ்க்ரூடிரைவரைக் குத்திப் பார்க்க வேண்டும், சுலபமாக இறங்கினால் உளுத்துப்போச்சு. கலவை இல்லாமல் கல்லை மட்டும் அடுக்கிய சுவர்தான் இதில் பாக்கியசாலி. எல்லா இடுக்கும் ஓட்டைதானே.

விரிசலின் இரு நுனியிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுவேன். குளிர் முடிந்து பார்த்தால் அது கோட்டைத் தாண்டியதா இல்லையா என்று தெரிந்துவிடும். வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் துடைப்பதற்கு முன் எந்த உயரம் வரை பூத்திருக்கிறது என்று குறித்துக்கொள்வேன். உள்ளே ஈரம் கல்லையும் கலவையையும் ஊடுருவி வந்து வெளியே காய்ந்த இடம் அது.

கடைசியாக ஓட்டைகள். கம்பியை விட்டு மண், வேர், பழைய குளவிக்கூடு எல்லாவற்றையும் கிளறி எடுக்க வேண்டும். அப்புறம் மேலே ஹோஸ் குழாயைத் திறந்து அரை மணி நேரம் மெதுவாக விட்டுவிட்டு, கீழே வந்து உட்கார்ந்திருப்பேன். நாள் கணக்கில் மழை பெய்தும் ஓட்டை காய்ந்து கிடந்தால் சந்தோஷப்படக்கூடாது. சொட்டுகிற சுவர்தான் ஆரோக்கியமான சுவர். சொட்டும் தண்ணீர் தெளிவாக இருக்க வேண்டும். கலங்கி மண்ணோடு வந்தால், பின்னால் இருக்கும் மண் கரைந்து போகிறது. அதுவும் கெடுதல்தான்.

எங்கள் சுவரின் நடுவில் நான்கு மீட்டரைப் பிரித்துத்தான் கட்ட வேண்டி வந்தது. அடைத்த ஓட்டைகளை நானே உளி வைத்துத் திறந்தேன். முதல் ஓட்டை திறந்ததும் முகத்திலேயே பீய்ச்சி அடித்தது. மழை நின்று நான்கு நாள் ஆகியிருந்தது. பின்னால் தோண்டி, அடியில் துளைபோட்ட குழாய் பதித்து, ஒரு பக்கமாகச் சரிவு கொடுத்து வெளியே விட்டு, சுற்றி ஜல்லி நிரப்பி, ஜல்லிக்கும் மண்ணுக்கும் நடுவே வடிகட்டும் துணி விரித்தார்கள். துணி இல்லாவிட்டால் போகப்போக மண் இறங்கி ஜல்லியை அடைத்துவிடும். வேலைக்கு வந்த கொத்தனார் கல்லை எடுத்து வைத்ததைவிட மண்ணை நோண்டிக்கொண்டிருந்த நேரம்தான் அதிகம். சுவர் வேலை என்பது பாதிக்கு மேல் சுவருக்குப் பின்னால் நடக்கிற வேலை.

இதையெல்லாம் ஏன் குளிருக்கு முன்னால் செய்ய வேண்டும் என்றால், குளிர் வந்த பிறகு பெரும்பாலும் பார்க்கத்தான் முடியும், செய்ய முடியாது. 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் சிமெண்ட் கலவை பிடிப்பது மிகவும் மெதுவாகிவிடும். இறுகுவதற்குள் உறைந்தால் அந்தப் பூச்சு உதிர்ந்துபோகும். ராத்திரி எவ்வளவு இறங்கும் என்று பார்த்துத்தான் பூச வேண்டும், பகல் வெயிலை நம்பி இறங்கிவிடக்கூடாது. உறைந்த மண்ணைத் தோண்டவும் முடியாது. அதனால் நேரம் குறைவாக இருந்தால் விரிசலை விட்டுவிட்டுத் தண்ணீரை முதலில் கவனிப்பேன். கொட்டகைக் குழாயை வேறு பக்கம் திருப்புவது, பள்ளத்தை மேடாக்குவது, மேலே சுவருக்குப் பின்னால் ஒரு சின்ன வாய்க்கால் வெட்டி மழையைப் பக்கவாட்டில் ஓட விடுவது, ஓட்டையைக் கிளறுவது. மண்வெட்டி போதும், ஒரு நாள் போதும். ஈரமில்லாத மண்ணில் பனிக்கு இழுக்க ஒன்றும் கிடைக்காது. சாய்வு வருஷத்துக்கு வருஷம் கூடினாலோ, படுக்கை விரிசல் தெரிந்தாலோ, சுவர் ஆள் உயரம் இருந்தாலோ, மேலே வீடோ வண்டி நிற்கும் இடமோ இருந்தாலோ, என்னைப் போன்றவர்கள் எழுதுவதைப் படிப்பதை நிறுத்திவிட்டு என்ஜினியரை அழையுங்கள். சுவர் எப்போது விழும் என்று கேட்டு அதன் கீழே உட்காரவும் வேண்டாம். உறைந்த மண் கொஞ்சம் தாங்கிப் பிடித்திருக்கும். பனி உருகும் வாரங்களில் ஈரமும் பாரமும் சேரும்போதுதான் பல சுவர்கள் சரிகின்றன.

இந்தச் சனிக்கிழமை ஐந்து பொட்டிலும் அளந்தாயிற்று. நான்கில் 14. நடுவுக்கு வலப்பக்கத்தில் 14.2. என் கண்ணும் அளவுகோலும் அந்த இரண்டு மில்லிமீட்டரைச் சத்தியம் செய்து சொல்ல முடியாது என்பதால், பென்சிலால் எழுதிப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறேன். ஹோஸைத் திறந்துவிட்டு உட்கார்ந்தபோது ஐந்து ஓட்டைகள் சொட்டின. அந்த 14.2க்குக் கீழே இருக்கும் ஓட்டை மட்டும் காய்ந்தே கிடந்தது. கம்பி ஒரு முழம் போய் எதிலோ முட்டி நிற்கிறது. மேலே அந்தப் பக்கம் ஒரு மரம் இருக்கிறது, வேராக இருக்கலாம். வியாழக்கிழமை மழை என்கிறார்கள். நாளைக்கு நீளமான கம்பி ஒன்று வாங்க வேண்டும்.